காட்டுக்குப் போகிற இடம்

இடுப்பு பிடித்துக்கொண்டது. சூரைப் புதர் மறைவில் குந்தியிருந்த சவுரிமுத்துவால் எழுந்திருக்க முடியவில்லை. நேற்றெல்லாம் கடப்பாறை போட்ட இடுப்பு. இறுகிக் கிடக்கிற கிராவலில் குத்தினால், குத்தில் பாதி மண்ணுக்குப் போகும், பாதி திரும்பி முதுகுத்தண்டில் ஏறும். படுக்கும்போது வலி தெரியாது. விடிந்து குந்தினால்தான் அது வேலையைக் காட்டும். பிடித்து எழ பக்கத்தில் காரைச்செடிதான் இருந்தது, உடம்பெல்லாம் முள். "மாதாவே" என்று முள்ளையே பிடித்து எழுந்தான்.

அந்த மேட்டுக்கு ஊரில் காடு என்று பேர். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் போகிற ரோட்டைத் தாண்டினால் செம்மண் மேடு. மரம் என்று கைநீட்டிக் காட்டப் பெரிதாக ஒன்றும் கிடையாது. சூரை, காரை, கலாக்காய், ஈச்சம், நடுநடுவே குட்டைப் பனை. எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே போகாது. ஆனால் உள்ளே போனால் வெளியே தெரியாது. கோடையில் ஊர்க் கிணறெல்லாம் உப்புக் கரிக்கும்போது அந்த மேட்டின் அடிவாரக் கிணறு மட்டும் இனிக்கும். பெண்கள் அங்கே சுள்ளி ஒடித்தார்கள், ஈர்க்கு கிழித்து விளக்குமாறு கட்டினார்கள், கலாக்காய் பறித்துக் கூடையில் கொண்டுபோய்த் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் விற்றார்கள்.

ஊருக்குக் கக்கூஸும் அதுதான். கிழக்குச் சரிவு பெண்களுக்கு, மேற்குச் சரிவு ஆண்களுக்கு. யார் வகுத்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் மீறியதும் கிடையாது. அதனால் அங்கே 'காட்டுக்குப் போறேன்' என்றால் இரண்டு அர்த்தம். விறகுக்கும் அதுதான் பேச்சு, வெளிக்கும் அதுதான் பேச்சு. கையில் இருப்பது கத்தியா சொம்பா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மேட்டின் தெற்குப் பக்கத்தை ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது. குத்தகை எடுத்தவர் சம்பத். அவருடைய பென்ஸ் லாரிகள் செம்மண்ணையும் கிராவலையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே கடலோரம் போகும். எழுபதாம் வருஷத்துக்கு அப்புறம் பட்டணத்துப் பணக்காரர்களுக்குக் கடல்காற்று ஆசை வந்துவிட்டது. சவுக்குத் தோப்பை வெட்டி, மனை பிரித்து, கல் நட்டார்கள். கடற்கரை மணலில் ரோடும் நிற்காது, கார் சக்கரமும் புதையும். மேலே கிராவல் கொட்டினால்தான் கெட்டிப்படும். அந்தக் கிராவலைச் சவுரிமுத்துவும் அவனோடு நின்ற ஆட்களும் வெட்டிக் கொடுத்தார்கள். தெற்குப் பக்கம் முடியப்போகிற சமயத்தில் சம்பத் மீதி மேட்டையும் கேட்டு மனு போட்டார்.

எதிர்மனு போட்டவள் தபீதாள் டீச்சர். சேலையூரில் குடியிருந்தாள், மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. அடிவாரக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்த கன்னியம்மாவிடம் பேச்சுக்கொடுத்து, அவளோடு வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கினாள். கன்னியம்மா புருஷன் இல்லாதவள். விறகும் கலாக்காயும்தான் அவளுக்குச் சோறு. காடு போனால் அடுத்த நாளே அவள் அடுப்பு அணைந்துவிடும்.

"வியாழக்கிழமை ரெவின்யூ ஆபீசர் நேர்ல வர்றார். மரம் இல்லாததால வெறும் தரிசுன்னு நினைச்சுடுவார். நீங்க ஒவ்வொருத்தரும் இதுல இருந்து என்ன எடுக்கறீங்கன்னு வாயைத் திறந்து சொன்னாப் போதும். அப்புறம் உள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டிடலாம்" என்றாள் டீச்சர்.

"பொம்பளைங்க நாங்க சொல்றோம் டீச்சரம்மா. ஆனா மொதல்ல ஆம்பள ஒருத்தன் ஆரம்பிச்சாதான் அந்த ஆளு காத குடுப்பாரு" என்று கன்னியம்மா சவுரிமுத்துவைப் பார்த்தாள். "டேய் சவுரி, ஒனக்குத்தான் வாய் கீதே. கல்யாண வூட்லயும் பேசுற, சாவு வூட்லயும் பேசுற. இங்க பேசேன்."

"பேசிட்டாப் போச்சுக்கா" என்றான் சவுரிமுத்து. அப்போது மனசாரத்தான் சொன்னான்.

புதன்கிழமை வேலை முடிகிற நேரத்தில் சம்பத் லாரிப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மிரட்டுகிற ஆள் இல்லை அவர். தம்ளரில் பாதியை அப்படியே சவுரிமுத்துவிடம் நீட்டினார்.

"நாளைக்கு நீதான் பேசப்போறியாமே?"

"ஆமா மொதலாளி. டீச்சர் சொல்லிச்சு."

"பேசு. நல்லாப் பேசு. காடு நின்னா எனக்கும் சந்தோசந்தான். ஆனா இந்தக் குழி மழைக்கு முன்னாடி முடிஞ்சிடும். நான் லாரிய வேற ஊருக்கு ஓட்டிக்கினு போயிடுவேன். நீயும் ஒன் ஆளுங்களும் இன்னா பண்ணுவீங்க? கலாக்காய் விப்பீங்களா?"

சவுரிமுத்து டீயைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது. அவன் பின்னால் மாரியும் மற்றவர்களும் மம்பட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் மாரி, "நீ பாட்டுக்கு உதார் உட்டுட்டுப் போயிடுவ. எனக்கு மூணு பொட்டப் புள்ள கீது மச்சான்" என்றான்.

வியாழக்கிழமை வந்த ஆபீசருக்குப் பேர் ஸ்ரீநிவாசன். சின்ன வயசு. வெள்ளைச் சட்டை, பளபளப்பான ஷூ. முகத்தில் திமிர் இல்லை. வந்ததும் டீச்சருக்கு வணக்கம் சொன்னார். "எல்லாரையும் கேட்டுட்டு, உள்ளேயும் நடந்து பாத்துடறேன்" என்றார். டீச்சர் முகம் மலர்ந்தது. ஒருபக்கம் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மறுபக்கம் குழிவேலைக்காரர்கள் நின்றார்கள். சம்பத் தன் லாரியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு ரோட்டோர வேப்பமரத்தடியில் நின்றார்.

"யார் முதல்ல சொல்றது?"

"சவுரிமுத்து சொல்வார் சார்" என்றாள் டீச்சர்.

அவன் முன்னால் போனான். இடதுபக்கம் கன்னியம்மா. வலதுபக்கம் மாரி.

"இந்த இடம் என்ன?"

"காடு சார்."

"காடா? மரமே காணோமே. சரி, இதை எதுக்கு உபயோகப்படுத்தறீங்க? நீங்க இங்க எதுக்கு வர்றீங்க?"

நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்து வைத்ததெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. கிணறு, விறகு, கலாக்காய். அதைச் சொன்னால் மாரி கண்ணை எப்படிப் பார்ப்பது? சொல்லாவிட்டால் கன்னியம்மாவை எப்படிப் பார்ப்பது? எல்லோரும் அவன் வாயையே பார்க்கிறார்கள். சவுரிமுத்துவுக்கு நெருக்கடி வந்தால் கைகொடுப்பது ஒன்றே ஒன்றுதான், அவனுடைய நையாண்டி. அது தானாக வந்துவிட்டது.

"காட்டுக்குத்தான் சார் காட்டுக்கு வருவோம்!"

குழிவேலைக்காரர்கள் குபீரென்று சிரித்தார்கள். ஆபீசருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அவர் கண் முதலில் தன் ஷூவைத்தான் பார்த்தது.

"எல்லாருமா?"

"ஊரே சார். கலெக்டர் ஐயா வந்தாலும் இங்கதான் குந்தணும். வேற எடம் கெடியாது."

இன்னும் பெரிய சிரிப்பு. சவுரிமுத்துவுக்குச் சிரிப்பு என்றால் சாராயம் மாதிரி. கொஞ்சம் உள்ளே போனால் இன்னும் கேட்கும். ஆபீசரும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். நல்ல மனுஷன்தான், சிரிப்பு வந்தால் என்ன செய்வார்.

"சார், அது மட்டும் இல்லை சார், ப்ளீஸ். உள்ளே வந்து பாருங்க" என்றாள் டீச்சர்.

"இல்ல டீச்சர், பரவாயில்லை" என்று அவர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

அப்போதுதான் கன்னியம்மா எழுந்தாள். அவளுக்கு அவசரம், ஆபீசர் போய்விடுவாரே என்று. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "ஐயா, நா தெனம் காட்டுக்குப் போற பொம்பள..."

மேலே பேச முடியவில்லை. ஆண்கள் பக்கம் வெடித்தது. "எத்தினி தபாக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். கன்னியம்மா திறந்த வாயோடு நின்றாள். சொல்ல வந்தது இன்னொரு காடு. ஆனால் அந்த வார்த்தையைச் சவுரிமுத்து எடுத்து அசிங்கத்தில் தோய்த்து வைத்துவிட்டான். அவளிடம் வேறு வார்த்தை இல்லை. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் எழுந்திருக்கவில்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவே எவள் எழுந்து 'நானும் காட்டுக்குப் போறேன்' என்று சொல்வாள்?

ஆபீசர் ஷூவில் ஒன்றும் இல்லாமலேயே புல்லில் தேய்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

டீச்சர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள். "ஏன் அப்படிச் சொன்னீங்க சவுரிமுத்து?"

"அவரு கேட்டாரு, சொன்னேன் டீச்சர். பொய்யா சொன்னேன்?"

டீச்சர் குடையை விரித்துக்கொண்டு போனாள்.

உத்தரவு வந்தது. யாருக்கும் உபயோகம் இல்லாத, சுகாதாரக் கேடான தரிசு என்று கண்டு, ரோட்டுப் பக்கம் இருந்த கிழக்குச் சரிவைச் சம்பத்துக்கு விட்டார்கள். மேற்குச் சரிவுக்கு மட்டும் டீச்சர் மறுபடி மனு போட்டாள்; அது நிலுவையில் நின்றது. கிழக்குச் சரிவில் முதல் கடப்பாறை போட்டவர்களில் சவுரிமுத்துவும் ஒருவன். சூரை வேர் லேசில் விடாது. கோடாலி போட்டு, இழுத்து, மறுபடி கோடாலி போட்டு, குவித்து எரித்தார்கள். புகை ஊருக்குள் வந்தது. ஒரு கவுதாரி ஓடிக்கொண்டே இருந்தது, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்.

வீட்டில் அவன் பெண்சாதி ஜெயசீலி சோற்றைத் தட்டில் போட்டபடி சொன்னாள்: "ஊரச் சிரிக்க வெச்சியே. இப்ப நா சொம்ப எடுத்துக்கினு எங்க போறது? ஒன் மொதலாளி வூட்டுக்கா?"

இந்தக் கேள்விக்கு அவனிடம் நையாண்டி வரவில்லை.

பெண்கள் இப்போது இருட்டோடு எழுந்து, கூட்டமாகச் சேர்ந்து, ஏரிக்கரை வேலிகாத்தான் மறைவுக்கு நடந்தார்கள். விடிந்துவிட்டால் அதோடு சரி, மறுபடி இருட்டுகிறவரை அடக்க வேண்டியதுதான். தெருவில் கன்னியம்மா போனால் விடலைப் பசங்கள், "அக்கா, காட்டுக்கா?" என்றார்கள். அந்தப் பேச்சு அவளுக்குப் பட்டப்பேராகவே ஒட்டிக்கொண்டது.

சம்பத் தன்னை விலைக்கு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று சவுரிமுத்துவுக்குப் பட்டது. விலைபோனவன் என்று தன்னையே திட்டிக்கொண்டு தூங்கிவிடலாம். அவர் கொடுத்தது ஆறின டீ. காட்டைக் கொடுத்துவிட அவன் முடிவெடுத்திருந்தால் அதுவும் ஒரு கணக்கு: ஆட்களுக்கு வேலை. அவன் எந்த முடிவும் எடுக்கவில்லை. முடிவெடுக்காமல் தப்பிக்கத்தான் சிரிக்க வைத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டான். பத்துக் கட்டளைகளில் எதை மீறினேன் என்று சொல்வது? திருடவில்லை, பொய்ச்சாட்சி சொல்லவில்லை.

"பொய் சொன்னியா?" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து சாமியார் கேட்டார்.

"இல்ல சாமி. நெசந்தான் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

ஆபீசர் கேட்டதையும், தான் சொன்னதையும் அப்படியே சொன்னான். உள்ளேயிருந்து மூக்கால் அடக்கி, அடங்காமல், ஒரு சிரிப்பு வெளியே வந்தது. சாமியார் இருமி அதை மறைத்துக்கொண்டார். செபமாலை உருட்டி ஐம்பத்துமூன்று மணிச் செபம் ஒருதரம் சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்தார். சவுரிமுத்து செபத்தைச் சொல்லி முடித்தான். மன்னிப்பு கிடைத்த மாதிரி தெரியவில்லை. கன்னியம்மா எழுந்து நின்றதை அவன் சாமியாரிடம் சொல்லவில்லை.

ஒருநாள் லாரியில் இறக்குகிற ஆள் குறைந்து, அவனைக் கடலோரம் கூட்டிப்போனார்கள். மனைக்கு மனை மதில் எழுந்திருந்தது. மதிலுக்குள் மணலுக்கு மேல் சிவப்பாக அவர்கள் மேடு பரந்து கிடந்தது. வெள்ளை மணலில் அந்தச் சிவப்பு புண்ணைத் திறந்து போட்ட மாதிரி இருந்தது. பங்களா ஒன்றில் ரவி என்ற கொத்தனார் வெள்ளைப் பீங்கான் ஒன்றை வைக்கோல் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா அது?"

"கக்கூஸ் கிண்ணம்பா. மாடிக்கு ஒண்ணு, கீழ ஒண்ணு, வெளிய டிரைவருக்கு ஒண்ணு."

"எத்தினி பேரு குடியிருப்பாங்க?"

"குடியா? யாரு கீறாங்க இங்க குடியிருக்க? லீவு நாள்ல வந்து காத்து வாங்கிட்டுப் போவாங்க."

வேறு நாளாக இருந்தால் இதற்குச் சவுரிமுத்து ஒரு வாரத்துக்குத் தாங்குகிற நையாண்டி பண்ணியிருப்பான். மம்பட்டியை எடுத்துக்கொண்டு கிராவலைத் தள்ளப் போனான்.

பங்குனி வெயிலில் கன்னியம்மா குழிக்கு வேலை கேட்டு வந்தாள். விற்கிற அளவுக்கு விறகும் இல்லை, காயும் இல்லை. சும்மாடு சுற்றி, பாண்டுச் சட்டியில் கிராவல் சுமந்து லாரியில் கொட்டினாள். தினம் நடந்த சரிவையே தலையில் வைத்துச் சுமந்தாள். சவுரிமுத்துவோடு பேசவில்லை. அவன் நிரப்பின பாண்டைத் தொடாமல் மாரி நிரப்பினதைத் தூக்கிப் போவாள்.

ஒருநாள் உச்சி வெயிலில் பாண்டோடு தடுமாறி உட்கார்ந்துவிட்டாள். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. சவுரிமுத்து பானையிலிருந்து தண்ணீர் மொண்டு ஓடினான்.

"குடிக்கா."

"வேணாம்."

"வெயில்ல செத்துடுவ. குடிக்கா, என்மேல கோவம்னா அப்பறம் திட்டு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கோவத்துக்காடா குடிக்கல? தண்ணி குடிச்சா எங்க போறது? சுத்தி ஆம்பள. மறைவு ஒண்ணு கீதா? இந்தக் குழியில ஒரு பொம்பளையும் தண்ணி குடிக்கிறதில்ல, ஒனக்குத் தெரியுமா? அடிவயிறு கத்தி வெச்ச மாரி கீது. ராத்திரி மூத்திரம் நெருப்பா போவுது."

சவுரிமுத்து கையில் சொம்போடு நின்றான். அவன் பெண்சாதியும் இன்னொரு குழிக்கு மண் சுமக்கப் போகிறவள்தான். வீட்டுக்கு வந்ததும் ஏன் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"அக்கா, நா தெரியாம..."

"தெரியாம இன்னா? அத்த உடு. திங்கக்கெழம மேற்குச் சரிவுக்கு விசாரண. தாலுகா ஆபீஸ்ல. டீச்சரம்மா வருது, நாங்களும் போறோம். அதே ஆபீசர்தான். நீ வா. வந்து, அன்னிக்கு நா வெளாட்டுக்குச் சொன்னேன், இந்தப் பொம்பளைங்க சொல்றதக் கேளுங்கன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நா பேசிக்கிறேன். நீ சொல்லலேன்னா, நா வாயத் தொறந்தா அந்த ஆளுக்கு அந்தச் சிரிப்புதான் நாபகம் வரும்."

"வர்றேன்க்கா."

"மாதா மேல?"

"மாதா மேல."

அவள் பாண்டைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அன்று அவன் நிரப்பினதைத்தான் தூக்கிப் போனாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் சவுரிமுத்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டான். ஜெயசீலி அதைப் பார்த்துவிட்டுப் பழைய சோற்றை முதல் ஆளாக அவனுக்குப் போட்டாள். தாலுகா ஆபீசுக்கு ரயில் ஏற ஸ்டேஷனுக்குப் போகிற வழி குழியைத் தாண்டித்தான். குழி விளிம்பில் சம்பத்தின் மேஸ்திரி ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். மேற்குச் சரிவு கிடைத்தால் யார் யாருக்கு வேலை என்று அன்றைக்கே பேர் சொல்கிறானாம். மாரி அவன் வேட்டியைப் பார்த்தான்.

"எங்க மச்சான், காட்டுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். சவுரிமுத்துவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே நின்றான். ஒரு லாரி வந்தது, நிரப்பினார்கள். இன்னொன்று வந்தது. ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாறையை எடுத்தான்.

சாயங்காலம் பெண்கள் திரும்பி வந்தார்கள். டீச்சர் அவர்களோடு குழிவரைக்கும் நடந்து வந்து, அப்படியே சேலையூர் பக்கம் திரும்பிப் போனாள். கன்னியம்மாதான் விளிம்பில் நின்றாள். கத்தவில்லை. சாபம் விடவில்லை. அதற்குத்தான் அவன் பயந்துகொண்டிருந்தான், விட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"அந்த ஆபீசர் கேட்டாருடா. அன்னிக்குப் பேசின ஆள் எங்கன்னு கேட்டாரு. அந்த ஆள் வந்து மாத்திச் சொன்னா எழுதிக்கிறேன்னாரு. அதுவரைக்கும் தள்ளி வெச்சிகீது. நா பேச எழுந்தேன். அந்த ஆளு மொகத்துல சிரிப்பு வந்துச்சு. உக்காந்துட்டேன்."

"அடுத்த தபா கண்டிப்பா வர்றேன்க்கா."

அவள் போய்விட்டாள். அடுத்த விசாரணை அன்று மழை வந்தது, அவன் போகவில்லை. அதற்கடுத்த தடவை அவன் மகள் கல்யாணம். அதற்குள் மேற்குச் சரிவின் ஓரத்தில், உத்தரவு இல்லாமலே, சம்பத்தின் லாரிகள் பின்பக்கமாக வந்து நிற்க ஆரம்பித்தன. ஒரு லாரி, இரண்டு லாரி என்று அந்த மண்ணையும் சவுரிமுத்துதான் வெட்டினான்.

ஆபீசர் முன்னால் சிரிக்காமல் நின்று, நான் சொன்னது வெளாட்டு, இந்த அக்கா பேசட்டும் என்று சொல்ல வேண்டும். கன்னியம்மாவுக்கு அவன் தரவேண்டியது அது ஒன்றுதான். அதை அவன் இன்னும் தரவில்லை.